வால்வு மைக் ப்ரீஆம்ப்: தம்புராவுக்கு அடியில் ஒரு இரைச்சல்

காவிரிக்கரை | சனி, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். நான் கும்பகோணம். அம்மா நாற்பது வருஷமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். அவருக்கு வாய்ப்பாடமாக வந்த உருப்படிகளில் சிலவற்றை அந்தப் பாடாந்தரத்தில் (குருவழி வந்த பாடும் முறையில்) வேறு யாரும் பாடி நான் கேட்டதில்லை. இந்த வருஷம் 71 முடிகிறது. குரல் இன்னும் நன்றாக நிற்கிறது. நிற்கும்போதே பதிவு செய்துவிட வேண்டும் என்று இறங்கியிருக்கிறேன்.

மைக் சத்தத்தை லேப்டாப்புக்குள் அனுப்பும் இன்டர்ஃபேஸில் நேரடியாக மைக்கைச் செருகிப் பதிந்தபோது மேல் ஸ்தாயியில் குரல் கொஞ்சம் குத்தியது. அதனால் செகண்ட் ஹேண்டில் ஒரு இரண்டு சேனல் வால்வு ப்ரீஆம்ப் வாங்கினேன், மைக்கின் மெல்லிய சிக்னலைக் கண்ணாடிக் குழல் வால்வுகளால் பெருக்கும் பெட்டி. சேனலுக்கு இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வு, உள்ளே இன்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். முன்பக்கம் சேனலுக்கு இரண்டு குமிழ்: இன்புட் கெயின் (உள்ளே வருவதைப் பெருக்குவது), அவுட்புட் (வெளியே போகும் அளவு). அப்புறம் 48 வோல்ட் (கண்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தருவது), பேட் (சிக்னலைக் குறைப்பது), ஃபேஸ் (அலையைத் தலைகீழாக்குவது), லோ கட் (அடி ஒலிகளை வெட்டுவது) சுவிட்சுகள். குரலுக்கு ஒரு கண்டென்சர் மைக், தம்புராவுக்கு எஸ்எம்57 என்ற டைனமிக் மைக். இரண்டும் ப்ரீஆம்ப் வழியாக ஒரு சின்ன யுஎஸ்பி இன்டர்ஃபேஸுக்கும், அங்கிருந்து லேப்டாப்புக்கும் போகின்றன.

குரல் மென்மையாகத்தான் வருகிறது, அதில் குறை இல்லை. ஆனால் பின்னால் உஸ் என்று ஒரு சத்தம். அதற்கும் அடியில் ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம். தம்புரா மட்டும் ஒலிக்கும் இடங்களில் சுருதி மெதுவாக ஊஞ்சல் ஆடுவதுபோல இருக்கிறது. அம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டு "தம்புரா சேரவே இல்லையே" என்று மூன்று தடவை மீண்டும் கூட்டினார். சில சாயங்காலங்களில் எல்லாமே மோசமாகிவிடுகிறது. இது போதாதென்று வலது சேனலில், மேஜையைத் தொட்டால் டிங் என்று ஒரு மணிச்சத்தம்.

முதலிலிருந்து எப்படிப் பொருத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நள்ளிரவு ட்ராக் | சனி, இரவு 10.35

வணக்கம் அக்கா. சென்னையில் ரெக்கார்டிங் வேலை பார்க்கிறேன். மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். ப்ரீஆம்பின் அவுட்புட்டிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு எந்த ஒயர் போகிறது? இரண்டு பக்கமும் மைக் ஒயர் மாதிரி மூன்று பின் எக்ஸ்எல்ஆரா?

அப்படியென்றால் உஸ் சத்தத்துக்குக் காரணம் அங்கேதான். இன்டர்ஃபேஸில் உள்ள அந்தக் கூட்டு சாக்கெட்டில் எக்ஸ்எல்ஆர் செருகினால் அது மைக் என்றே எடுத்துக்கொள்ளும். மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட். உங்கள் ப்ரீஆம்ப் வெளியே தள்ளுவது 1 வோல்ட்டுக்குக் கிட்டே. மைக் இன்புட் அதைத் தாங்காது, சிவப்பு விளக்கு எரியும். உடனே நீங்கள் வால்வு பெட்டியில் குமிழைக் கீழே இறக்கியிருப்பீர்கள். இறக்கியதை இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் இரண்டாவது ப்ரீஆம்ப் மறுபடி தூக்குகிறது, அதன் இரைச்சலையும் சேர்த்து.

ப்ரீஆம்ப் பக்கம் எக்ஸ்எல்ஆர், இன்டர்ஃபேஸ் பக்கம் மூன்று தொடுப்பு உள்ள கால் அங்குல டிஆர்எஸ் பின், இப்படி ஒரு ஒயர் வாங்குங்கள். அந்தச் சாக்கெட்டின் நடு ஓட்டையில் செருகினால் அது லைன் இன்புட், ஏற்கெனவே பெருக்கிய சிக்னலுக்கானது. பக்கத்தில் கிடார் படமோ இன்ஸ்ட்ருமென்ட் என்றோ போட்ட பட்டன் இருந்தால் அது அணைந்திருக்க வேண்டும். இன்டர்ஃபேஸின் கெயின் குமிழை அடியோடு இறக்கிவிடுங்கள். இனிமேல் சத்தத்தைக் கூட்டுவது வால்வு பெட்டியின் வேலை மட்டுமே.


காவிரிக்கரை | ஞாயிறு, பிற்பகல் 1.15

எக்ஸ்எல்ஆர்தான் போட்டிருந்தேன். கடையில் டிஆர்எஸ் ஒயர் கிடைத்தது, மாற்றிவிட்டேன். உஸ் சத்தம் கேட்கத் தேடவேண்டிய அளவுக்குக் குறைந்துவிட்டது. மிகவும் நன்றி தம்பி. இரண்டு வாரமாக மைக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரீங்காரம் அப்படியே இருக்கிறது. டிங் சத்தமும்.


பழைய வால்வு | ஞாயிறு, மாலை 6.20

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் மதுரைப் பக்கம். மைக் செட் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரில் கை வைத்த காலத்தில் வால்வு மட்டும்தான் இருந்தது. ரேடியோவும் அதுதான், கல்யாண வீட்டு ஆம்ப்ளிஃபயரும் அதுதான்.

முதலில் ஒரு எச்சரிக்கை, இதை யாரும் தாண்டிப் போக வேண்டாம். இந்தப் பெட்டிக்குள் 250 முதல் 300 வோல்ட் வரை டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கி நிற்கும். மின்சாரம் பாயும்போது மூடியைத் திறப்பது பழகியவர்களின் வேலை. நான் சொல்லப்போகும் சோதனைகள் எல்லாம் மூடி மூடியிருக்கும்போதே செய்யக்கூடியவை.

ஆன் செய்யும் வரிசை: இரண்டு குமிழும் கீழே, 48 வோல்ட் அணைந்த நிலையில், ஸ்பீக்கரும் ஹெட்போனும் இறக்கி. அப்புறம் பவர். வால்வுக்குள் இருக்கும் இழை சூடேறி வேலை தொடங்க அரை நிமிஷம் ஆகும், ஆனால் அது நிலைப்பட 15, 20 நிமிஷம் கொடுங்கள். அந்த நேரத்தில் தம்புராவைக் கூட்டிக்கொள்ளலாம், அதற்கும் அவ்வளவு நேரம் வேண்டும். மைக் ஒயரைச் செருகிய பிறகுதான் 48 வோல்ட்டைப் போட வேண்டும். அணைத்தபின் ஒரு நிமிஷம் விட்டுத்தான் ஒயரைக் கழற்ற வேண்டும். எஸ்எம்57க்கு 48 வோல்ட் தேவையே இல்லை. அந்தச் சேனலில் போடாதீர்கள்.

இனி ரீங்காரம். எங்கிருந்து நுழைகிறது என்று ஒவ்வொரு வாசலாக மூடிப் பார்க்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றிவிட்டு எழுதி வையுங்கள்.

அவுட்புட் குமிழை அடியோடு இறக்கியும் ரீங்காரம் கேட்டால், அது அந்தக் குமிழுக்கு அப்பால் நுழைகிறது. ஒயர், இன்டர்ஃபேஸ், லேப்டாப் இவற்றைப் பார்க்க வேண்டும். குமிழோடு சேர்ந்து குறைந்தால் பெட்டிக்குள்ளோ அதற்கு முன்னாலோ. பிறகு லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டுக் கேளுங்கள். மூன்றாவது, மைக்கைக் கழற்றிவிட்டு வெறும் இன்புட்டோடு கேளுங்கள். நான்காவது, சீலிங் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். திருகும் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர்கள் சில, மின் அலையை நறுக்கிக் கொடுக்கும், மைக் ஒயர் அதை வாங்கிக்கொள்ளும்.


சுத்த சிக்னல் | ஞாயிறு, இரவு 8.05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. இது பாடாந்தரத்தைக் காப்பாற்றும் பதிவு. அம்மாவின் குரல் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவாக வேண்டும். வால்வு தன் பங்குக்கு ஒரு நிறம் ஏற்றும். ஏற்றிய நிறத்தைப் பிறகு கழற்ற முடியாது. சுத்தமாகப் பதிந்துவிட்டு, வேண்டுமானால் பின்னால் கம்ப்யூட்டரில் பிளகின் என்ற மென்பொருளில் வால்வு நிறம் சேர்த்துக்கொள்ளலாம். இன்றைக்குச் சாதாரண இன்டர்ஃபேஸின் ப்ரீஆம்பே சத்தமில்லாமல் வேலை செய்கிறது.


நள்ளிரவு ட்ராக் | ஞாயிறு, இரவு 9.40

சுத்த சிக்னல் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு முறைதான் பாடப்போகிறார் என்றால் நானும் சுத்தமாகத்தான் பதிவேன்.

ஆனால் வால்வு என்றால் நிறம் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. 1950களில் ஜெர்மன் வானொலி நிலையங்களுக்காகச் செய்த வி72 ஒரு வால்வு ப்ரீஆம்ப். லண்டனில் இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனம் தன் ஸ்டுடியோக்களுக்காகச் செய்துகொண்ட ஆர்இடிடி47 இன்னொன்று. முதல் நிலையில் ஒரு ஈஎஃப்86 வால்வு, வெளியே தள்ள ஒரு ஈ88சிசி வால்வு. அபே ரோடு ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் பாட்டுகளைப் பதிந்த மிக்ஸிங் மேஜைக்குள் இருந்தவை அவை. அமெரிக்காவில் பில் புட்னம் 1960 வாக்கில் செய்த 610 என்ற ப்ரீஆம்பும் இந்தக் குடும்பம்தான். அவர்கள் யாரும் நிறம் ஏற்ற உட்காரவில்லை. அந்தக் காலத்தில் முடிந்த அளவு சுத்தமாகக் கொடுக்க முயன்றார்கள். போதிய வோல்ட்டேஜ் கொடுத்து, மெதுவாக ஓட்டினால் 12ஏஎக்ஸ்7 பெரிதாக எதையும் சேர்க்காது. இன்புட் கெயினை ஏற்றி நெருக்கினால்தான் இரண்டாவது ஹார்மோனிக் தலைகாட்டும். அது ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி, ச-வுக்கு மேல் ச. அதனால்தான் காதுக்கு உறுத்தாமல் தடிமனாகத் தெரிகிறது.

இதற்கு நேர்மாறாக, விலை குறைந்த சில பெட்டிகளில் வால்வுக்கு 50 வோல்ட் கூடக் கொடுப்பதில்லை. அடியில் ஒரு விளக்கு வைத்து ஒளிரவும் விடுவார்கள். அந்த வகையில் சுத்த சிக்னல் சொல்லும் பயம் முழுக்க நியாயம். காவிரிக்கரை அக்காவின் பெட்டி அந்த வகை இல்லை, ட்ரான்ஸ்ஃபார்மரும் சேனலுக்கு இரண்டு வால்வும் இருக்கிறதே.

பிளகின் பற்றி: பதிவில் ஏற்கெனவே குத்தும் குரலை அது தடவிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதைவிட, பாடும்போதே ஹெட்போனில் தன் குரல் இதமாகக் கேட்டால் அம்மா வேறு மாதிரி பாடுவார். பாடுகிறவர்களோடு உட்கார்ந்து பழகியதில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.


சுத்த சிக்னல் | ஞாயிறு, இரவு 10.10

கடைசிப் பத்தியை ஏற்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை. இருந்தாலும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு உருப்படியையும் ஒரு முறை வால்வு இல்லாமலும் பாடவைத்துப் பதிந்து வையுங்கள்.


காவிரிக்கரை | செவ்வாய், இரவு 9.30

ஐயா சொன்னபடி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே பார்த்தேன். நல்ல யோசனைக்கு நன்றி சுத்த சிக்னல், அப்படியே செய்கிறேன்.

அவுட்புட் குமிழை இறக்கினாலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் அந்த மிச்சம் போய்விட்டது. ஃபேனை நிறுத்தியதும் மேலே இருந்த ர்ர்ர் சத்தம் போனது. மைக் இல்லாமலும் ரீங்காரம் இருக்கிறது, இன்புட் கெயினை ஏற்ற ஏற்ற ஏறுகிறது.

ஞாயிறு காலையில் அது மிகவும் குறைவு. நேற்று சாயங்காலம் பயங்கரம், குரலே சோம்பலாகத் தெரிந்தது. நோட்டைப் புரட்டியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மோசமான நேரம் எல்லாம் கரண்ட் போன நேரம். எங்கள் தெருவில் சாயங்காலம் அடிக்கடி போகும். வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறது, தானாக மாறிக்கொள்ளும். விளக்கும் ஃபேனும் ஓடிக்கொண்டே இருப்பதால் நான் கவனிக்கவே இல்லை.


பழைய வால்வு | செவ்வாய், இரவு 10.25

அதுதான் அம்மா! இன்வர்ட்டரின் மேல் ஸ்கொயர் வேவ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், நிச்சயம் போட்டிருக்கும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்கிறோம். அது ஒருவகைச் சராசரி. அலை ஏறி இறங்குகிறது, உச்சத்தில் 325 வோல்ட்டைத் தொடும். ப்ரீஆம்புக்குள் ட்ரான்ஸ்ஃபார்மர், அப்புறம் ஏசியை டிசியாக்கும் டையோடு, அப்புறம் பெரிய கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர் சராசரியைப் பார்க்காது, உச்சம் வரைக்கும் நிரம்பும். சதுர அலை இன்வர்ட்டரிலோ உச்சமும் 230, சராசரியும் 230. ஃபேனும் பல்பும் வித்தியாசம் தெரியாமல் ஓடும். ஆனால் வால்வுக்குப் போகும் 280 வோல்ட் சுமார் 200க்கு விழுந்துவிடும். குரல் சோம்பியதற்கு இது காரணம்.

ரீங்காரத்துக்குக் காரணம் இரண்டு. இழைக்கு 12.6 வோல்ட் சீராகக் கொடுக்க உள்ளே ஒரு ரெகுலேட்டர் இருக்கும். அதற்குள் நுழையும் வோல்ட்டேஜ், வெளியே வருவதைவிட இரண்டு வோல்ட்டாவது கூட இருந்தால்தான் அது சீர்ப்படுத்தும். உச்சம் விழுந்ததும் அந்த இடைவெளி இல்லாமல் போகிறது. மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் அப்படியே இழைக்குப் போய்விடும். இரண்டாவது, சதுர அலையின் செங்குத்தான ஓரங்கள். அவை ட்ரான்ஸ்ஃபார்மரைத் தாண்டிக் குதித்து உள்ளே வரும்.

மெயின் கரண்டில் மட்டும் பதியுங்கள். இல்லையென்றால் சைன் வேவ் இன்வர்ட்டர் வேண்டும். வால்வை மாற்றிப் பார்க்கலாம், கெப்பாசிட்டரை மாற்றலாம் என்று யாராவது சொன்னால் இப்போது கேட்காதீர்கள். பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று, எர்த். பழைய வீடு என்றால் மூன்று பின் சாக்கெட்டில் எர்த் ஓட்டை இருக்கும், அதன் பின்னால் ஒயர் இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். ரீங்காரத்தைக் குறைக்க எர்த் பின்னை வெட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 300 வோல்ட் உள்ள இரும்புப் பெட்டியில் அதைச் செய்யவே கூடாது.


வல்லைவெளி | புதன், காலை 7.10

வணக்கம். நான் யாழ்ப்பாணம். இதை வாசிச்சுக்கொண்டு வந்தனான், என்ர கேள்வியும் இதோடு சேரும். மாமா டொரன்டோவில இருந்து ஒரு வால்வு ப்ரீஆம்ப் கொண்டுவந்து தந்தவர். பின்பக்கம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கு. இங்க 230, 50. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டால் காணுமோ, ஐயா?


பழைய வால்வு | புதன், காலை 8.45

தம்பி, ஸ்டெப் டவுன் வோல்ட்டேஜை மாற்றும், 50ஐ 60 ஆக்காது. 60க்குக் கணக்குப் பார்த்துச் சிக்கனமாகச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர் 50ல் அதிகம் சூடேறும். பெட்டியில் 50/60 என்று போட்டிருந்தால் கவலை இல்லை. 60 மட்டும் என்றால் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியின் மேல் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடத்தில் கை வையுங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

பல பெட்டிகளில் ட்ரான்ஸ்ஃபார்மரின் முதல் கம்பிச் சுற்று, அதாவது மெயின் வந்து சேரும் பக்கம், இரண்டு 115 வோல்ட் பாதியாக இருக்கும். இரண்டையும் தொடராக இணைத்தால் 230. தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். அப்படி மாற்றினால் ஃபியூஸையும் பாதி ஆம்பியருக்கு மாற்ற வேண்டும், மறந்துவிடுகிறார்கள்.


வல்லைவெளி | புதன், காலை 9.05

நன்றி ஐயா. 50/60 என்று இல்லை. மெக்கானிக் ஒராளிட்ட காட்டிப்போட்டு வந்து சொல்றன்.


காவிரிக்கரை | புதன், இரவு 8.40

ஐயா, ஸ்கொயர் வேவ்தான். இன்று கரண்ட் இருக்கும்போது ஐந்து நிமிஷம், மெயினை அணைத்து இன்வர்ட்டரில் ஐந்து நிமிஷம், தம்புராவை மட்டும் பதிந்தேன். இரண்டையும் அடுத்தடுத்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

மெயினில் ரீங்காரம் மிகவும் குறைவு, ஆனால் ஊஞ்சல் இன்னும் லேசாக இருக்கிறது. அம்மா தொடையில் தாளம் போட்டு எண்ணிவிட்டு, "ஒரு நொடிக்கு இரண்டு அசைவு" என்றார். இன்வர்ட்டரில் அது வேறு வேகம். தம்புரா அதே தம்புரா, இடையில் தொடவே இல்லை. கரண்ட் மாறினால் சுருதி எப்படி மாறும்?


நள்ளிரவு ட்ராக் | புதன், இரவு 11.20

அக்கா, அம்மா பாடுவது என்ன கட்டை, அதாவது என்ன சுருதி? ஐந்து கட்டையா?


காவிரிக்கரை | வியாழன், காலை 6.30

ஐந்து கட்டை. சின்ன வயதில் ஐந்தரை.


நள்ளிரவு ட்ராக் | வியாழன், காலை 10.15

கிடைத்துவிட்டது. அம்மாவின் காதுக்குக் கும்பிடு.

ஐந்து கட்டை என்றால் மேல்நாட்டுக் கணக்கில் ஜி. தம்புராவின் நான்காவது தந்தி, மந்தர ஸட்ஜம் (கீழ் ஸ்தாயி ச), 98 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டையோடு அதை இரட்டிப்பாக்குவதால் ப்ரீஆம்பில் மிஞ்சும் ரீங்காரம் 100. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு அசைவு. அம்மா எண்ணியது அதைத்தான்! இன்வர்ட்டரின் 50 அச்சாக 50 இருக்காது, அரை ஹெர்ட்ஸ் முன்னே பின்னே ஓடும். அதனால் அசைவின் வேகம் மாறியது. தம்புரா முழுச் சுத்தமாகச் சேர்ந்திருக்கிறது. கூடவே இன்னொரு தந்தி, இரண்டு ஹெர்ட்ஸ் தள்ளி, மின்சாரத்தில் ஒலிக்கிறது.

சுருதி ஒரு கட்டை தள்ளியிருந்தால் இது வெறும் ரீங்காரமாகக் கேட்டிருக்கும், யாரும் தம்புராவைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஐந்து கட்டையில் பாடுகிறவர்களுக்குத்தான் இந்தச் சோதனை.

மிச்சத்தைக் குறைக்க வழி தம்புரா மைக்கில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 94 டெசிபல் சத்தத்துக்கு எஸ்எம்57 கொடுப்பது 1.6 மில்லிவோல்ட். அதை லைன் அளவான 1.23 வோல்ட்டுக்குக் கொண்டுவர 58 டெசிபல் கெயின் வேண்டும். தம்புரா அவ்வளவு சத்தம் போடாது. 74 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் 78 டெசிபல் கெயின். குமிழ் முழுக்க மேலே போயிருக்கும், அதோடு ரீங்காரமும் ஏறியிருக்கும். கண்டென்சருக்கு, 20 மில்லிவோல்ட் கொடுக்கும் ரகம் என்றால், அம்மாவின் குரலுக்கு 36 டெசிபலே போதும்.

எஸ்எம்57ஐத் தம்புராவின் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு) ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோங்கள். கெயினைக் குறையுங்கள். 24 பிட்டில் பதிகிறீர்கள் என்றால் தம்புரா மீட்டரில் −30 டெசிபலில் நின்றாலும் பாதகமில்லை. அதை மேலே தூக்க வேண்டிய அவசியமே இல்லை, அது பின்னணி.

குரல் சேனலுக்கு: பேட் வேண்டாம், லோ கட் போடலாம். ஐந்து கட்டையில் மந்தரப் பஞ்சமமே 147 ஹெர்ட்ஸ், 80ல் வெட்டினால் குரலில் எதுவும் போகாது, காலடிச் சத்தமும் தெருவில் போகும் லாரியும் போகும். தம்புரா சேனலில் லோ கட் போடாதீர்கள், 98க்குப் பக்கத்தில் கை வைக்கும். அவுட்புட் குமிழைப் பாதியில் வைத்துவிட்டு, அம்மாவை மேல் ஸ்தாயியில் உச்சமான ஒரு சங்கதியை நாலு தடவை பாடச் சொல்லுங்கள். இன்புட் கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். குரலின் ஓரம் மழுங்குகிற இடம் ஒன்று வரும். அங்கிருந்து ஒரு கோடு இறக்கி நிறுத்துங்கள். பிறகு அவுட்புட் குமிழால் உச்சம் மீட்டரில் −10க்கு வருமாறு சரிசெய்யுங்கள். நிறத்துக்கு இன்புட், அளவுக்கு அவுட்புட். இரண்டையும் ஒன்றாகத் திருகினால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போகும்.


சுத்த சிக்னல் | வியாழன், பிற்பகல் 12.40

98க்கும் 100க்கும் இடையே உட்கார்ந்திருந்ததா! அருமை. எலெக்ட்ரானிக் தம்புராவைப் போட்டு நானே இதைச் சோதித்துப் பார்க்கப்போகிறேன்.


பழைய வால்வு | வியாழன், மாலை 5.30

பிள்ளை நன்றாகப் பிடித்தார். இனி டிங் சத்தம் மட்டும் பாக்கி. அது வால்வுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளில் ஒன்று தளர்ந்து அதிர்வதால் வருவது. வால்வே மைக் ஆகிவிடுகிறது. பென்சிலால் கண்ணாடியைத் தட்டிப் பார்க்கச் சொல்வார்கள். மூடியைத் திறந்து கரண்டோடு செய்ய வேண்டிய சோதனை அது, உங்களுக்கு வேண்டாம். வேறு வழி சொல்கிறேன்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். அரை மணி நேரம் போகட்டும். மூடியைக் கழற்றுங்கள். போர்டில் எதையும் தொட வேண்டாம், கண்ணாடியை மட்டும் பிடிக்க வேண்டும். வால்வின் மேல் அலுமினியத் தொப்பி இருந்தால் அமுக்கித் திருப்பினால் வந்துவிடும். இன்புட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வுதான் முதல் நிலை. இடது, வலது சேனல்களின் முதல் வால்வுகள் இரண்டையும் நேராக மேலே இழுத்து எடுத்து, இடம் மாற்றிப் போடுங்கள். அடியில் ஒன்பது பின், ஓரிடத்தில் இடைவெளி அகலமாக இருக்கும், அதைப் பார்த்து இறக்குங்கள். முரட்டுத்தனமாக அமுக்கினால் பின் வளையும், கண்ணாடியும் கீறும்.

மூடியைப் போட்டுவிட்டு ஆன் செய்து மேஜையைத் தட்டுங்கள். டிங் இடது பக்கம் போய்விட்டால் குற்றவாளி அந்த வால்வு.


காவிரிக்கரை | சனி, இரவு 8.15

இன்று மத்தியானம் செய்தேன் ஐயா. அம்மா டார்ச் பிடித்தார். வலது முதல் வால்வில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. கண்ணாடியின் உள்ளே வெள்ளி பூசியதுபோல இருக்கும் இடத்தின் ஓரம் பழுப்பேறி இருந்தது. இழுத்தபோது கொஞ்சம் அடம் பிடித்து, கிரீச்சென்று வந்தது. பின்கள் கறுத்திருந்தன. இடது பக்கத்து வால்வில் வெள்ளை எழுத்தில் பிஇஎல், இந்தியா என்று இருந்தது. அதைப் படித்ததும் அம்மா, "எங்கள் வீட்டு ரேடியோவிலும் இந்த எழுத்து இருக்கும்" என்றார்.

மாற்றிப் போட்டதும் டிங் இடது பக்கம் போய்விட்டது. அதோடு வலது பக்கத்தில் ஒரு கரகரப்பு இருந்தது, அதுவும் போய்விட்டது.


பழைய வால்வு | சனி, இரவு 9.00

கரகரப்பு பின்களின் கறுப்பால் வந்தது. கழற்றி மாட்டியதில் தேய்ந்து சுத்தமாகியிருக்கும். ஈரக்காற்று உள்ள ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டுக் கழற்றி மாட்டுங்கள், அதே அரை மணி நேரம் காத்திருந்த பிறகு.

பிஇஎல் வால்வைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தது, இப்போது செய்வதில்லை. என் கையில் எத்தனையோ போனது, ஒன்றைக்கூட எடுத்து வைக்கவில்லையே என்று இன்றைக்கு வருத்தம். அதைக் குரல் சேனலின் முதல் நிலையில் போடுங்கள்.

டிங் அடிக்கும் வால்வைத் தூக்கிப் போட வேண்டாம். தம்புரா சேனலில் இரண்டாவது இடத்துக்கு மாற்றுங்கள். முதல் இடத்தில் இருந்தால் அதன் அதிர்வைப் பின்னால் வரும் நிலை பல மடங்கு பெருக்கும். இரண்டாவது இடத்தில் பெருக்கம் குறைவு, பெரும்பாலும் கேட்காது. பெட்டிக்கு அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு வையுங்கள். மைக் ஸ்டாண்டும் பெட்டியும் ஒரே மேஜையில் வேண்டாம்.

புதிதாக வாங்குவதானால் 12ஏஎக்ஸ்7, ஈசிசி83 இரண்டும் ஒன்றுதான். ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றும் செய்கிறார்கள். கெயின் அதிகம் என்று தோன்றினால் 5751 போடலாம், அதே பின்கள், பெருக்கம் 100க்குப் பதில் 70. ஆனால் 6922 என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், உருவம் ஒன்றுபோல இருக்கும், இழையின் இணைப்பு வேறு.


காவிரிக்கரை | ஞாயிறு, இரவு 9.20

இன்று காலை ஆறரைக்கு உட்கார்ந்தோம். தெரு விழிக்கும் முன்னால், ஃபேன் இல்லாமல், லேப்டாப் பேட்டரியில். பெட்டியை ஆறு மணிக்கே போட்டுவிட்டேன். தம்புரா −28ல் நின்றது, குரல் உச்சத்தில் −11.

முதல் உருப்படியை வால்வு வழியாக இரண்டு முறை, இன்டர்ஃபேஸில் நேரடியாக ஒரு முறை. அம்மாவுக்கு எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். இரண்டாவதைக் கேட்டதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, அநுபல்லவியில் ஒரு இடத்தை மறுபடி போடச் சொன்னார். "இங்கே மூச்சு விடுகிற சத்தம்கூட என்னுடையது மாதிரி இருக்கிறது" என்றார். அது வால்வு வழியாகப் பதிந்தது. நேரடிப் பதிவில் தாரஸ்தாயியில் இன்னும் அந்தக் குத்தல் இருக்கிறது, ஆனால் உச்சரிப்பு துல்லியமாக இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

தம்புரா ஆடவில்லை. காது வைத்துத் தேடினேன், அம்மாவும் தேடினார்.

எலெக்ட்ரீஷியன் புதன்கிழமை எர்த் போட வருகிறார். மாதாந்திரப் பராமரிப்பு என்று சனிக்கிழமை காலை ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் இல்லை, அன்றைக்குப் பதிவு கிடையாது. மற்ற நாளெல்லாம் ஆறரைக்கு.